ஒரு நீச்சல் அணியை மூடினால் உண்மையில் எவ்வளவு மிஞ்சும்? ஐயோவா பல்கலைக்கழகம்: ஒரு நிகழ்வு ஆய்வு

2020 ஆகஸ்ட் 21 அன்று அமெரிக்காவின் ஐயோவா பல்கலைக்கழகம் நான்கு விளையாட்டு அணிகளை மூடப்போவதாக அறிவித்தது. ஆண்கள் நீச்சல்-டைவிங், பெண்கள் நீச்சல்-டைவிங், ஆண்கள் ஜிம்னாஸ்டிக்ஸ், ஆண்கள் டென்னிஸ். 2020-21 கல்வியாண்டு முடிந்ததும் நான்கும் இருக்காது. அறிவிப்பில் இருவரின் பெயர் இருந்தது: பல்கலைக்கழகத் தலைவர் புரூஸ் ஹாரல்ட், விளையாட்டுத் துறை இயக்குநர் கேரி பார்ட்டா. காரணமாகச் சொன்னது பணம். ஐயோவா விளையாடும் பல்கலைக்கழகக் கூட்டமைப்பான பிக் டென், கொரோனாவால் பத்து நாள் முன்புதான் அமெரிக்க ஃபுட்பால் சீசனைத் தள்ளி வைத்திருந்தது. அதனால் வருமானத்தில் சுமார் 10 கோடி டாலர் போகும், பட்ஜெட்டில் 6 கோடி முதல் 7.5 கோடி டாலர் வரை துண்டு விழும் என்றார்கள்.

சரி, நான்கு அணிகளையும் மூடினால் எவ்வளவு மிஞ்சும்? ஆண்டுக்கு ஏறக்குறைய 50 லட்சம் டாலர் என்று சொல்லப்பட்டது. அந்தத் தொகை முழுவதும் கிடைத்தாலும் துண்டு விழும் பணத்தில் பன்னிரண்டில் ஒரு பங்குக்கு மேல் வராது. யானைப் பசிக்குச் சோளப்பொரி. அதுவும் அந்த ஆண்டு கிடைக்காது. அணிகள் அந்த சீசன் முழுக்க விளையாடும், இருக்கும் மாணவர்களுக்குப் படிப்பு முடியும்வரை உதவித்தொகை தொடரும் என்று அதே அறிவிப்பு உறுதி கொடுத்திருந்தது. அதாவது பள்ளம் விழுந்தது 2020-21இல். மிச்சம் கிடைக்கத் தொடங்குவது அதற்குப் பிறகு. அந்த ஆண்டின் பள்ளத்தை நிரப்ப விளையாட்டுத் துறை பல்கலைக்கழகத்திடமிருந்து 5 கோடி டாலர் கடன் வாங்க வேண்டியிருந்தது.

கல்லூரி நீச்சல் அணிகளின் கணக்கைப் பற்றிப் பேச இதைவிடப் பொருத்தமான இடம் எனக்குத் தெரியவில்லை. ஐயோவா ஏதோ ஒரு நீச்சல் அணி அல்ல. டேவிட் ஆம்ப்ரஸ்டர் என்ற பயிற்சியாளரும் ஜாக் சீக் என்ற மாணவரும் 1935இல் இரண்டு கால்களையும் சேர்த்து மீன் வால் போல அடிக்கும் டால்ஃபின் உதையைப் பயின்று பார்த்தது இங்கேதான். இன்று உலகம் முழுக்க பட்டர்ஃபிளை என்று நீந்துகிறோமே, அது அந்தக் குளத்திலிருந்து வந்தது. 2010இல் ஏறக்குறைய 7 கோடி டாலர் செலவில் மாணவர்களுக்கான புதிய உடற்பயிற்சி மையத்தைத் திறந்தார்கள். அதில் 50 மீட்டர் குளம், தனி டைவிங் குளம் எல்லாம் உண்டு. 2015இல் ஆண்களுக்கான தேசியக் கல்லூரி சாம்பியன்ஷிப் அங்கே நடந்தது. வசதி இல்லாததால் மூடினோம் என்று சொல்ல இங்கே வழியே இல்லை.

அணியின் செலவு எங்கே போகிறது?

அமெரிக்கக் கல்லூரி விளையாட்டின் பணம் எப்படி ஓடுகிறது என்று தெரியாமல் இது புரியாது. ஐயோவா போன்ற பெரிய அரசுப் பல்கலைக்கழகத்தில் விளையாட்டுத் துறை தனிக் கடை மாதிரி இயங்குகிறது. கொரோனாவுக்கு முன் ஐயோவா விளையாட்டுத் துறையின் ஆண்டு வரவு 15 கோடி டாலரை ஒட்டி இருந்தது. அதில் பெரும்பகுதி ஃபுட்பால் டிக்கெட், பிக் டென் கூட்டமைப்பின் டிவி ஒப்பந்தப் பங்கு, நன்கொடை. பல்கலைக்கழகத்தின் பொதுக் கணக்கிலிருந்து காசு வாங்குவதில்லை என்று அந்தத் துறை பெருமையாகச் சொல்லிக்கொள்ளும். இந்தப் பணத்தில்தான் ஃபுட்பாலும் ஓடுகிறது, நீச்சலும் ஓடுகிறது. நீச்சல் போட்டிக்கு டிக்கெட் வருமானம் என்று சொல்லிக்கொள்ள ஒன்றும் கிடையாது. கோடைகாலப் பயிற்சி முகாம், சில முன்னாள் மாணவர்களின் நன்கொடை, எப்போதாவது பெரிய போட்டியை நடத்தினால் வரும் காசு, அவ்வளவுதான்.

செலவு நான்கு பெரிய தலைப்புகளில் போகும். மாணவர் உதவித்தொகை, பயிற்சியாளர் சம்பளம், பயணம், உடை மற்றும் கருவிகள். பயணத்தில் பருவத்துப் போட்டிகள் தவிர, குளிர்கால விடுமுறையில் வெதுவெதுப்பான ஊருக்குப் போய் நாளுக்கு இரண்டு வேளை நீந்தும் பயிற்சிப் பயணமும் அடங்கும். உடை என்றால் சாதாரண நீச்சலுடை இல்லை. முக்கியப் போட்டியில் போடும் டெக் சூட் ஒன்றே பல நூறு டாலர் ஆகும், சில போட்டிகளுக்குப் பிறகு இறுக்கம் போய்விடும்.

டைவிங்கின் கணக்கு வேறு. நீச்சலில் ஒரு பயிற்சியாளர் எட்டுத் தடங்களில் முப்பது பேரைக் கவனிக்கலாம். டைவிங்கில் அணிக்கு நான்கைந்து பேர்தான் இருப்பார்கள், ஆனால் அவர்களுக்குத் தனிப் பயிற்சியாளர் வேண்டும், ஆழமான தனிக் குளம் வேண்டும், பலகையும் மேடையும் வேண்டும். தலைக்குச் செலவு என்று வகுத்துப் பார்த்தால் டைவர்தான் கணக்கரின் கண்ணில் முதலில் படுவார். ஆனால் சாம்பியன்ஷிப்பில் 1 மீட்டர், 3 மீட்டர், மேடை என மூன்று டைவிங் போட்டிகளின் புள்ளிகளும் அதே அணியின் மொத்தத்தில் சேர்கின்றன. டைவரை எடுத்துவிட்டால் அந்த மூன்றிலும் பூஜ்யம் என்று எழுதிவிட்டுத்தான் போட்டிக்கே போக வேண்டும்.

குளத்தைப் பற்றி ஒரு வார்த்தை. 50 மீட்டர் நீளம், 25 மீட்டர் அகலம், சராசரியாக 2 மீட்டர் ஆழம் என்று வைத்தால் 25 லட்சம் லிட்டர் தண்ணீர். போட்டி நீச்சலுக்கு அதை 26, 27 டிகிரி செல்சியஸில் வைத்திருக்க வேண்டும். ஐயோவாவில் ஜனவரி மாதம் வெளியே பனி உறைந்து கிடக்கும்போதும் அப்படித்தான். வடிகட்டி ஓட வேண்டும், குளோரின் கலக்க வேண்டும், கூடத்தின் ஈரக் காற்றை வெளியேற்ற வேண்டும், காவலர் நிற்க வேண்டும். இது பெரிய செலவு. ஆனால் அணியை மூடினால் இந்தச் செலவு போகுமா? போகாது. அந்தக் குளம் மாணவர்கள் எல்லோருக்குமானது. அணி இருந்தாலும் இல்லாவிட்டாலும் தண்ணீர் அதே சூட்டில்தான் இருக்கும். ஒரு நீச்சல் அணிக்கு இவ்வளவு செலவு என்று யாராவது எண் காட்டினால், அதில் குளத்தின் பங்கு எவ்வளவு, அணி போனபின் அந்தப் பங்கை யார் கட்டுவார்கள் என்று கேட்காமல் அந்த எண்ணை நம்பக்கூடாது.

உதவித்தொகை: யாருடைய காசு, யாருக்குப் போகிறது?

இந்த விவகாரத்தில் நான் மிகவும் கவனிக்க வேண்டியதாக நினைப்பது இதைத்தான். இதைப் பெரும்பாலான செய்திகள் தொடவே இல்லை.

கல்லூரி விளையாட்டுகளை நடத்தும் தேசிய அமைப்பான என்சிஏஏவின் அப்போதிருந்த விதிப்படி, முதல் பிரிவு (மேல்மட்ட) ஆண்கள் நீச்சல்-டைவிங் அணி அதிகபட்சம் 9.9 முழு உதவித்தொகைகள் கொடுக்கலாம். பெண்கள் அணிக்கு 14. அதே காலத்தில் ஃபுட்பாலுக்கு 85. இந்த 9.9ஐ ஆளுக்கு ஒன்றாகக் கொடுப்பதில்லை. துண்டு துண்டாகப் பிரித்து இருபது, இருபத்தைந்து பேருக்குக் கொடுப்பார்கள். ஒருவருக்கு 60 சதவீதம், இன்னொருவருக்கு 25, இன்னும் சிலருக்கு ஒன்றுமே இல்லை. மீதியை வீட்டிலிருந்துதான் கட்ட வேண்டும்.

2020-21இல் ஐயோவாவில் உள் மாநில மாணவருக்குக் கல்விக் கட்டணம் ஆண்டுக்கு ஏறக்குறைய 9,600 டாலர், வெளி மாநிலத்தவருக்கு ஏறக்குறைய 31,500. ஒரு மாதிரிக் கணக்குப் போட்டுப் பார்க்கலாம். இது ஐயோவாவின் உண்மைப் பதிவேடு அல்ல, இயக்கத்தைப் புரிந்துகொள்ள நான் வைக்கும் உதாரணம். அணியில் 30 பேர், பாதி உள் மாநிலம், பாதி வெளி மாநிலம் என்று கொள்வோம். மொத்தக் கட்டணம் 1,44,000 கூட்டல் 4,72,500, அதாவது 6,16,500 டாலர். 9.9 உதவித்தொகையையும் வெளி மாநிலக் கட்டண விலையிலேயே போட்டாலும் 3,11,850 டாலர்தான் வரும். மீதி 3,04,650 டாலரைக் குடும்பங்கள் தங்கள் கையிலிருந்து கட்டுகின்றன. விடுதி, சாப்பாட்டுச் செலவை இதில் நான் சேர்க்கவில்லை.

இப்போது அணியை மூடுங்கள். விளையாட்டுத் துறையின் ஏட்டில் 3,11,850 டாலர் மிச்சம் என்று விழும். அந்தத் துறையைப் பொறுத்தவரை அது உண்மையான மிச்சம்தான்; அவர்கள் நிஜமாகவே காசு கட்டினார்கள். ஆனால் கட்டியது யாருக்கு? அதே பல்கலைக்கழகத்துக்கு. ஃபுட்பால் டிவி பணம் வகுப்பறைப் பக்கம் வந்து சேர்கிற வாய்க்கால்களில் உதவித்தொகையும் ஒன்று. அணி போனால் அது வற்றும். அந்த மாணவர்கள் வேறு ஊருக்குப் போய், அவர்கள் இடம் காலியாகவே கிடந்தால், குடும்பங்கள் கட்டிவந்த 3,04,650 டாலரும் போகும். ஒரு துறையின் மிச்சம் நிறுவனத்தின் நஷ்டமாக முடியலாம்.

எல்லா இடத்திலும் அப்படித்தான் ஆகும் என்று நான் சொல்லவில்லை. உள் மாநிலப் பிள்ளைகளில் சிலர் அணி இல்லாவிட்டாலும் அங்கேதான் படிப்பார்கள். இடத்துக்கு வரிசையில் நிற்கிற கல்லூரியில், போன ஒருவரின் இடத்தில் மறுநாளே இன்னொருவர் வந்துவிடுவார். சம்பளம், பயணம், உடை எல்லாம் சந்தேகமில்லாமல் மிஞ்சும். ஆனால் ஒரு கேள்விக்கு விடை வேண்டும்: இந்த முப்பது பேரில் எத்தனை பேர் நீந்துவதற்காகவே இங்கே சேர்ந்தார்கள்? அந்த விடையைத் தேடாமல் 50 லட்சம் என்று ஒரு எண்ணை மட்டும் மேஜையில் வைப்பது முழுக் கணக்கு ஆகாது.

பொதுமக்கள் பார்க்கக் கிடைக்கும் ஆவணமும் இதற்கு உதவாது. விளையாட்டில் சமத்துவம் பற்றி வெளிப்படுத்தும் 1994ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி ஒவ்வொரு கல்லூரியும் அணிவாரியாக வரவு, செலவை மத்திய அரசிடம் கொடுக்கிறது. யார் வேண்டுமானாலும் பார்க்கலாம். ஆனால் பல கல்லூரிகளின் அறிக்கையில் நீச்சல் அணிக்கு வரவும் செலவும் ஒரே எண்ணாக இருக்கும். பற்றாக்குறையை நிர்வாகம் நிரப்புவதையும் வரவு என்றே எழுதிவிடுவதால் வரும் சமநிலை அது. அதைப் பார்த்துவிட்டு அணி தன் காலில் நிற்கிறது என்று வாதாடுவதும் தப்பு, செலவுப் பக்கத்தை மட்டும் பிய்த்தெடுத்து இது பாரம் என்று வாதாடுவதும் தப்பு.

நீதிமன்றத்தில் கணக்கு மாறியது

ஐயோவா அறிவித்து ஒரு மாதத்துக்குள், செப்டம்பர் 16 அன்று, பிக் டென் தன் முடிவை மாற்றிக்கொண்டது. அக்டோபர் கடைசியில் ஃபுட்பால் சீசன் தொடங்கியது. எந்தக் காரணத்தைச் சொல்லி அணிகளை மூடினார்களோ அந்தக் காரணத்தில் ஒரு பகுதி கரைந்துபோனது. ஆனால் அணிகளை மூடும் முடிவை ஐயோவா மாற்றவில்லை. பார்வையாளர் இல்லாத அரங்கில் டிக்கெட் வருமானம் இல்லை என்பது உண்மைதான். ஆனால் டிவி பணம் வரப்போகிறது என்று தெரிந்த நாளில், பழைய எண்ணை வைத்து எடுத்த முடிவைத் திரும்ப ஒருமுறை எடுத்துப் பார்த்திருக்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. ஏறக்குறைய நூறு மாணவர்களின் வாழ்க்கை அதில் இருந்தது.

செப்டம்பரிலேயே நான்கு நீச்சல் வீராங்கனைகள் மத்திய நீதிமன்றத்துக்குப் போனார்கள். அவர்கள் பிடித்தது பணத்தை அல்ல, 1972ஆம் ஆண்டின் டைட்டில் 9 சட்டத்தை. மத்திய அரசின் உதவி பெறும் கல்வி நிறுவனத்தில் பாலினப் பாகுபாடு கூடாது என்பது அந்தச் சட்டம். விளையாட்டில் அது நிறைவேறியிருக்கிறதா என்று பார்க்க மூன்று வழிகள் உண்டு: மாணவர் தொகையில் பெண்களின் விகிதத்துக்கு ஏற்ப வாய்ப்பு இருக்கிறதா, வாய்ப்பை விரிவாக்கிவந்த வரலாறு இருக்கிறதா, இருக்கும் ஆர்வமும் திறமையும் முழுதாக இடம்பெற்றிருக்கிறதா. இவற்றில் ஒன்றைக் காட்டினாலும் போதும். ஆனால் ஆர்வமும் திறமையும் உள்ள ஒரு பெண்கள் அணியைக் கலைத்துவிட்டுப் பின்னிரண்டையும் காட்டுவது ஏறக்குறைய முடியாத காரியம். மிஞ்சுவது முதல் வழி, அதாவது தலைக்கணக்கு. ஐயோவாவில் அந்தக் கணக்கு பெண்களுக்குச் சாதகமாக இல்லை என்பதுதான் வழக்கு.

2020 டிசம்பரில் நீதிபதி ஸ்டெஃபனி ரோஸ் தடை உத்தரவு கொடுத்தார். 2021 பிப்ரவரியில் பெண்கள் நீச்சல்-டைவிங் அணியைத் தொடர்வதாகப் பல்கலைக்கழகம் அறிவித்தது. அந்த ஆண்டு செப்டம்பரில் பெண்கள் மல்யுத்த அணியையும் புதிதாகத் தொடங்குவதாகச் சொன்னது. அது இப்போது நாட்டின் முதல்தர அணிகளில் ஒன்று. அடுத்த மாதம் வந்த சமரசத்தில் எதிர்த்தரப்பு வழக்கறிஞர்களுக்கு ஏறக்குறைய 4 லட்சம் டாலர் கொடுக்க ஒப்புக்கொண்டது.

ஆக, மூடியது நான்கு, திரும்பியது ஒன்று, புதிதாய் வந்தது ஒன்று. 50 லட்சம் மிச்சம் என்ற எண் அப்படியே நின்றிருக்க வாய்ப்பே இல்லை. அதோடு, எந்த ஏட்டிலும் ஏறாத ஒரு நஷ்டமும் உண்டு. அறிவிப்புக்கும் திரும்ப அழைத்த நாளுக்கும் நடுவே அரை ஆண்டு ஓடிவிட்டது. அணி இல்லாத இடத்துக்குப் பள்ளி நீச்சல்காரர் எவரும் கையெழுத்துப் போட மாட்டார், இருப்பவர்களும் வேறு கல்லூரி தேடுவார்கள். கலைந்த அணியைத் திரும்பக் கட்ட நான்கு ஆண்டுச் சேர்க்கை வேண்டும். ஆண்கள் அணிக்கு டைட்டில் 9இல் பிடிமானம் இல்லை. அது போனது போனதுதான்.

டார்ட்மத், மிச்சிகன் ஸ்டேட்

அதே 2020 ஜூலையில் டார்ட்மத் கல்லூரி ஐந்து அணிகளை மூடியது, இரண்டு நீச்சல் அணிகளும் அதில் அடக்கம். அங்கே கதை முழுக்க வேறு. டார்ட்மத் உள்ளிட்ட எட்டுப் பெயர்பெற்ற தனியார் கல்லூரிகளின் கூட்டமைப்பான ஐவி லீக்கில் விளையாட்டுக்கு உதவித்தொகையே கொடுப்பதில்லை. இடமும் காலியாக இருக்காது. ஐந்து அணிகளையும் சேர்த்து 20 லட்சம் டாலர் மிஞ்சும் என்றார்கள், ஆனால் அதோடு இன்னொன்றையும் வெளிப்படையாகச் சொன்னார்கள்: விளையாட்டுக்காகச் சேர்க்கும் மாணவர் எண்ணிக்கையை 110 அளவுக்குக் குறைத்து, அந்த இடங்களை வேறு மாணவர்களுக்குக் கொடுக்க வேண்டும் என்று. அங்கே நீச்சல் அணியின் விலை டாலரில் அல்ல, சேர்க்கை இடத்தில்.

டார்ட்மத்துக்கு இது முதல்முறையும் அல்ல. 2002 நவம்பரில் இதே அணியை 2,12,000 டாலர் மிச்சம் பிடிக்க மூடினார்கள். மாணவர்கள் சளைக்காமல் அணியை ஈபே தளத்தில் ஏலத்துக்குப் போட்டார்கள். நாடு முழுக்கச் செய்தியானது. பெற்றோரும் முன்னாள் மாணவர்களும் பத்து ஆண்டுகளுக்கு 20 லட்சம் டாலர் தருவதாக உறுதி கொடுக்க, 2003 ஜனவரியில் அணி திரும்பியது. 2020இல் மூடியதையும், டைட்டில் 9 வழக்கு வரும் என்ற நிலையில், 2021 ஜனவரி 29 அன்று திரும்பப் பெற்றார்கள். பத்தாண்டு உறுதி என்பது பத்தாண்டுதான் காக்கும் என்பதை இந்த இரண்டு தேதிகளையும் சேர்த்துப் பார்த்தால் புரியும். ஆண்டுக்கு 10 லட்சம் டாலர் நிரந்தரமாக வேண்டும் என்றால், 4 முதல் 5 சதவீதம் மட்டும் எடுத்துச் செலவிடும் வழக்கப்படி, 2 கோடி முதல் 2.5 கோடி டாலர் வரை மூலதனம் கையில் இருக்க வேண்டும். நீச்சல்காரர்களின் பெற்றோர் வசூல் செய்து எட்டுகிற தொகை அல்ல அது.

மிச்சிகன் ஸ்டேட் 2020 அக்டோபரில் மூடியதற்கு, நல்ல குளம் இல்லை, புதிதாகக் கட்டும் செலவு தாங்காது என்பதும் ஒரு காரணம். ஐயோவாவைவிட இது நேர்மையான காரணம் என்றே எனக்குப் படுகிறது. குளம் கட்டுவது உண்மையிலேயே தவிர்க்கக்கூடிய செலவு. பெண்கள் அங்கேயும் வழக்குப் போட்டார்கள். 2022 பிப்ரவரியில் ஆறாவது வட்ட மேல்முறையீட்டு நீதிமன்றம், பெண்களுக்குக் குறையும் வாய்ப்பைச் சதவீதத்தில் பார்க்கக்கூடாது, தலை எண்ணிக்கையில் பார்க்க வேண்டும் என்று சொன்னது. சட்டத்தில் பெரிய வெற்றி. அணி மட்டும் திரும்பவில்லை.

2025க்குப் பிறகு

2025 ஜூன் 6 அன்று நீதிபதி கிளாடியா வில்கன் ஒப்புதல் கொடுத்த ஹவுஸ் சமரசத்தால் (கல்லூரி விளையாட்டு வீரர்கள் என்சிஏஏ மீது போட்ட வழக்கின் சமரசம் அது) மேலே சொன்ன எண்களில் பாதி பழையதாகிவிட்டது. முதல் ஆண்டில் ஒரு கல்லூரி தன் விளையாட்டு வீரர்களுக்கு நேரடியாக 2.05 கோடி டாலர் வரை பங்கு கொடுக்கலாம். அதில் பெரும்பங்கு ஃபுட்பாலுக்கும் கூடைப்பந்துக்கும்தான் போகும். நீச்சலைத் தாங்கிவந்த அதே பணப்பையிலிருந்து இது போகிறது. ஒப்புதல் வருவதற்கு முன்பே, 2025 மார்ச்சில், கலிஃபோர்னியாவின் கால் பாலி பல்கலைக்கழகம் இந்தச் சமரசத்தால் ஆண்டுக்குக் குறைந்தது 4,50,000 டாலர் இழப்பு என்று சொல்லி நீச்சல்-டைவிங் அணிகளை மூடிவிட்டது. அது ஃபுட்பாலில் கோடிகள் புரளும் கல்லூரி அல்ல. அங்கே நாலரை லட்சமே ஒரு அணியின் உயிர்.

இன்னொரு மாற்றம் வெளியில் அவ்வளவாகப் பேசப்படவில்லை. 9.9, 14 என்ற உதவித்தொகை வரம்புகள் போய், சமரசத்தில் சேர்ந்த கல்லூரிகளுக்கு ஆள் வரம்பு வந்திருக்கிறது. நீச்சல்-டைவிங்குக்கு ஆண்கள் 30, பெண்கள் 30. முதல் பார்வைக்கு நீச்சல்காரர்களுக்கு நல்லதாகத் தெரியும்: முப்பது பேருக்கும் முழு உதவித்தொகை கொடுக்கலாமே! கொடுக்கலாம், ஆனால் கொடுக்கக் காசு வேண்டும். முன்பு நாற்பது பேர் இருந்த அணியில் வரம்புக்காக யாரை அனுப்புவார்கள்? உதவித்தொகை ஒரு டாலர்கூட வாங்காமல், ஆசைக்காக அதிகாலையில் எழுந்து நீந்திய வாக்-ஆன் மாணவர்களைத்தான். ஏற்கெனவே அணியில் இருந்து இப்படி இடம் இழந்தவர்களுக்கு மட்டும் சமரசம் விலக்கு கொடுத்திருக்கிறது. இனி வருபவர்களுக்கு அது இல்லை. அப்படி ஒருவர் வெளி மாநிலத்தவராக இருந்தால், ஐயோவாவின் 2020-21 கட்டணப்படி ஆண்டுக்கு 31,500 டாலர் கொண்டுவந்த மாணவர் அவர். அவருக்காக விளையாட்டுத் துறை செலவழித்தது உடையும் சில பயணங்களும் மட்டும்தான்.